கார்ச்சா முகட்டைக் கடந்த நாள்

என் மகள் ரிஸ்டினுக்குக் காற்றாலையில் வேலை கிடைத்த செய்தியை என் அண்ணன் நீலஸிடம் சொன்னபோது அவன் எங்கள் வடக்கு வழக்கப்படி காபியில் போட்ட பாலாடைக்கட்டியைக் கரண்டியால் தேடிக்கொண்டிருந்தான். தேடி முடித்து, மென்று விழுங்கிய பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தான்.

"என்ன அம்மாடி, காத்தாடிக்குத் தலை துவட்டிவிடுற வேலையாமே?"

"துவட்ட மாட்டோம் மாமா. சூடான காத்து அடிச்சு உலர்த்துவோம்."

"அதுக்குச் சம்பளம் வேற. உங்கம்மா ஒரு நாளாவது உனக்குத் தலை உலர்த்திவிட்டிருக்காளா? ஈரத்தோட பள்ளிக்கூடம் போவே. பின்னல் ரெண்டும் குச்சியாட்டம் விறைச்சுக்கிட்டு நிக்கும்."

"அப்ப இந்த மாமன் ஒரு நல்ல குல்லா வாங்கிக் கொடுத்திருக்கலாம்ல," என்றேன் நான்.

சிரித்தான். ஆனாலும் மனசுக்குள் அவனுக்கு அது பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கார்ச்சா முகடு எங்கள் பனிமான் மந்தைகளின் வழி. குளிர் தொடங்கியதும் மலையிலிருந்து இறங்கி, அந்த முகட்டின் முதுகில் ஏறி நடந்து, கிழக்கே மான் மேய்கிற பாசி கிடைக்கிற காட்டுக்குப் போவோம். முகட்டின் வடபக்கம் பாறைச் சரிவு, மான் கால் வைக்க முடியாது. தென்பக்கம் கைசா ஏரி. அந்த முதுகின் மேல்தான் கம்பெனிக்காரர்கள் காற்றாலைகளை நட்டார்கள். வழக்கு நடந்தது, தோற்றோம். தோற்ற பிறகு ஓர் ஒப்பந்தம் போட்டோம்.

அந்த ஒப்பந்தத்தைச் சொல்லும் முன் ரிஸ்டினின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் நடந்தது விளங்கும்.

மேகம் இறங்கி வந்து முகட்டின் மேல் உட்காருகிற நாட்கள் உண்டு. அப்போது காற்றில் இருக்கிற துளிகள் உறையாத நீராகவே இருக்கும், எதிலாவது பட்ட கணத்தில் உறையும். காற்றாலையின் இறக்கையில் அது முன்விளிம்பில் பிடித்து, அடுக்கடுக்காகத் தடித்து வளரும். சுழலும்போது அது பிய்ந்தால் எறிந்த கல் மாதிரி போகும். ரிஸ்டின் எடுத்துவந்து காட்டிய துண்டுகளில் சில என் முழங்கை நீளம். பனி பிடித்திருப்பதை அறிய உச்சியில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். பல சமயம் அந்தக் கருவியே உறைந்துபோய் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் இவள் வேறு வகையில் பார்ப்பாள். அடிக்கிற காற்றுக்கு வரவேண்டிய மின்சாரம் வராமல் குறைந்தால் சந்தேகப்படுவாள். வெளியே வந்து பக்கத்து மரத்துக் கிளை ஒன்றை ஒடித்து அதில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு நின்று கேட்பாள். சுத்தமான இறக்கை துணி கிழிகிற மாதிரி சத்தம் போடும். பனி பிடித்தது ஈரச் சாக்கை உதறுகிற மாதிரி. இதை அவள் சொல்லி நானும் ஒருநாள் போய்க் கேட்டேன், அப்படித்தான் இருந்தது.

பிடித்த பனியை எடுப்பது இப்படி: ஆலையை நிறுத்திவிட்டு, இறக்கையின் அடிப்பக்கத்திலிருந்து உள்ளே சூடான காற்றை ஊதுவார்கள். இறக்கை உள்ளுக்குள் கூடுதான், நுனிவரை சூடு போகும். ஒட்டியிருந்தது நெகிழ்ந்து, பாளம் பாளமாகக் கீழே விழும். அதன் பிறகு மெல்லச் சுழற்றுவார்கள். மிச்சம் இருப்பது பறக்கும்.

ஒப்பந்தம் இதுதான். மந்தை கடக்கும்போது பனி பிடித்திருந்தால் எல்லா ஆலையும் நிற்க வேண்டும். சூடும் ஏற்றக் கூடாது. குளிரில் அசையாமல் நின்றால் பனி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், விழாது. மந்தையின் கடைசி மான் முகட்டைத் தாண்டியதும், கிழக்கு முனையில் குடிசையில் இருக்கிற ரிஸ்டின் தெற்கே நகரத்தில் இருக்கிற கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வாள். அவர்கள் அங்கிருந்தே பொத்தானை அழுத்துவார்கள். அவள் வாய்ச்சொல்தான் சாவி. இதற்காகவே எங்கள் ஆட்களில் ஒருத்தி வேண்டும் என்று கேட்டு அவளை வைத்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னிடம் எத்தனை மான் என்று எங்களில் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஒருவர் குளிக்கும்போது மற்றவர் கதவைத் திறக்காத மாதிரிதான் அது. வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டுத் தொலைத்தால் நீலஸ், "தலையும் வாலும் சரிக்குச் சரியா இருக்கு" என்பான். அவர்கள் சிரித்துக்கொண்டே காத்திருப்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே இருப்பான். எண் வராது. கூடப் பிறந்த எனக்கே அவன் கணக்கு தெரியாது.

அந்த வருஷம் கோடையில், எங்களைப் போலவே மான் வைத்திருந்த நெய்லாவின் கணவர் ஊலாவ் இறந்துபோனார். வயிற்றில் வந்த நோய், சீக்கிரம் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் இல்லை. அவர் மந்தை, நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊலாவின் தம்பிக்குப் போய்விடும், நெய்லா நகரத்தில் தன் அக்காவோடு போய் இருப்பாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். நினைத்தோமே தவிர யாரும் கேட்கவில்லை. முதல் பனி விழுந்த பிறகு அவள் நீலஸின் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"நீலஸ், இந்தக் குளிருக்கு என்னோடதையும் உன் பின்னாலேயே கூட்டிக்கிட்டு வரட்டுமா? தனியா காடு போய்ச் சேர முடியாது. அடுத்த வசந்தத்துல குட்டி போட்டுடுச்சுன்னா என் கால்ல நானே நின்னுடுவேன்."

"வழி என்ன எங்கப்பன் போட்டதா? வா."

"கொளுந்தன் வித்துடச் சொல்றான். கசாப்புக்காரன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டான். நான் குடுக்க மாட்டேன். குடுத்துட்டா அப்புறம் நான் யாரு?"

"காபி ஆறுது, குடி," என்றான் நீலஸ். அவன் அளவில் அது சத்தியம் செய்த மாதிரி.

இரண்டு மந்தையும் கலந்தால் பிரிப்பது பெரும்பாடு. அதனால் நீலஸ் இப்படித் திட்டம் போட்டான். முதலில் அவன் தன் மணிகட்டிய மானைப் பிடித்துக்கொண்டு முன்னே போவான், அவன் மந்தை தொடரும், அதன் வாலில் எங்கள் சித்தப்பா மகன் யாக்கே பனிஸ்கூட்டரில் வருவான். கொஞ்சம் இடைவெளி விட்டு நெய்லா தன் மானைப் பிடித்துக்கொண்டு வருவாள், அவள் மந்தை அதே தடத்தில் வரும். அதன் வாலுக்கு ஆள் இல்லை.

"நான் வர்றேன்," என்றேன்.

"உன் முழங்கால்?"

"ஸ்கூட்டர்ல உக்காரத்தானே போறேன். முழங்காலா ஓட்டுது?"

கிளம்பிய அன்று மேகம் முகட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. எங்கள் பக்கம் அந்த மாதத்தில் நண்பகலுக்கே அரை வெளிச்சம்தான், அதிலும் மேகம். முகட்டின் அடிவாரத்தில் நின்று நீலஸ் ரிஸ்டினுக்குப் போன் போட்டான். போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்திருந்தான்.

"அம்மாடி, உன் காத்தாடிங்கல்லாம் எப்படி?"

"மோசம் மாமா. நல்லா தடிச்சிருக்கு. கேமராவும் மூடிப்போச்சு, ஒண்ணும் தெரியல. எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. நீங்க வாங்க."

"சூடு?"

"ஏத்த மாட்டாங்க. நான் சொல்ற வரைக்கும் ஏத்த மாட்டாங்க. காத்து நல்லா இருக்கு, சீக்கிரம் விடுன்னு தெக்க இருந்து நச்சரிக்கிறாங்க. நான் பேசிக்கிறேன்."

"சரி. நாங்க வர்றோம்."

"எப்பவும்போலத்தானே மாமா?"

நீலஸ் ஒரு கணம் நெய்லாவைப் பார்த்தான். அவள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய மான்களைப் பற்றி அவள்தான் வாய்திறக்க வேண்டும், இவன் அல்ல. அவளோ அடுத்தவன் போனில் எதற்குப் பேசப்போகிறாள்.

"எப்பவும்போலத்தான்," என்றான். வழியைத்தான் சொன்னான்.

ஏறினோம். முன்னால் நீலஸின் மணி கேட்டது, பிறகு கேட்கவில்லை. நெய்லாவின் மந்தை நடக்க ஆரம்பிக்க நேரமானது. புது இடம், கோபுரங்களைப் பார்த்துத் தயங்கின. நெய்லா அவசரப்படுத்தவில்லை. தன் மானின் கழுத்தைத் தடவி ஏதோ பேசினாள், அது நடந்தது, மற்றவையும் நீட்டி ஒரு வரிசையாக நடந்தன. நான் வாலில். எவ்வளவு நீளம் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று மேகமே மறைத்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே இறக்கைகள் வெள்ளையாக, அசையாமல், ஒவ்வொன்றும் ஒரு பெரிய மீன் முள் மாதிரி தெரிந்தன.

கிழக்கு முனையில் நடந்ததைப் பிறகு யாக்கே சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீலஸ் மந்தையோடு குடிசையைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டான். பின்னாலேயே வரிசை வந்தது. வரிசை முடிந்து யாக்கே ஸ்கூட்டரில் வந்தான். வருஷா வருஷம் கடைசியில் வருகிறவன் அவன்தான். ரிஸ்டின் குடிசை வாசலில் நின்றிருந்தாள்.

"என்ன மாமா, மீசைல பனி தொங்குது. சூடு ஏத்தட்டுமா?"

"முதல்ல உன் காத்தாடி மூக்கைத் துடை, போ," என்று கையை அசைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவ்வளவுதான் பேச்சு. பின்னால் இன்னும் வருகிறதா என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குள் எத்தனை என்ற கேள்வி இருக்கிறது, பெரியவனான யாக்கேயிடம் அதை அவள் கேட்க மாட்டாள். அப்படித்தான் நான் வளர்த்தேன். பின்னால் நெய்லா வருகிறாள் என்று அவனும் சொல்லவில்லை. இவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தான். தெரியாவிட்டாலும், ஒரு விதவையின் மந்தையைப் பற்றி நடுவழியில் நின்று பேசுகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

ஆனாலும் ரிஸ்டின் உடனே சொல்லிவிடவில்லை. தெற்கிலிருந்து இரண்டு முறை கேட்டார்களாம். நின்று காது கொடுத்துப் பார்த்திருக்கிறாள். பின்னால் வந்த எங்கள் மந்தை புதுப்பனியில் நடந்தது, சத்தமே இல்லை. பிறகுதான் போனை எடுத்திருக்கிறாள்.

எனக்கு முதலில் கேட்டது ஒரு முனகல். கோபுரத்துக்குள்ளிருந்து, பெரிய வீட்டில் எங்கோ ஓர் அடுப்பு எரிய ஆரம்பித்த மாதிரி. எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனை எடுத்தேன், சிக்னல் கோடே இல்லை. ஸ்கூட்டரை முடுக்கி வரிசையின் ஓரமாக முன்னே போகப் பார்த்தேன், ஓரத்தில் பனி ஆழம், வண்டி புதைந்தது. இறங்கிக் கத்தினேன்.

"நெய்லா, ஓட்டு. வேகமா ஓட்டு. சூடு ஏறுது."

மேகத்துக்குள் கத்தினால் சத்தம் பஞ்சில் போன மாதிரி போகும். கேட்டதோ இல்லையோ.

முதல் பாளம் எங்களுக்கு வெகுதூரம் முன்னால் விழுந்தது. விழுகிற சத்தம் பெரிதில்லை, பனியில் மரப்பெட்டி விழுந்த மாதிரி. அதற்கு முன்னால் மேலே பிய்கிற சத்தம்தான் பெரிது. மான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. அடுத்தது பக்கத்துக் கோபுரத்திலிருந்து. பிறகு வரிசையாக, முன்னும் பின்னும். ஒரு மானின் மேலும் விழவில்லை. விழுந்திருந்தால் ஒன்றிரண்டோடு போயிருக்கும். வடக்கே பாறை, முன்னும் பின்னும் சத்தம். திறந்து கிடந்தது தென்பக்கம் மட்டும்தான். மந்தை முழுதும் ஒரே உடம்பு மாதிரி திரும்பி ஏரிப் பக்கம் இறங்கியது.

ஏரி ஓரத்தில் உறைந்திருந்தது. நடுவில் உறைந்த மாதிரி இருந்தது.

நெய்லா கயிற்றை விடவில்லை. அவளுடைய மான் மனுஷரோடு பழகியது, நடுங்கிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றது. மற்றவை அவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு, ஆற்று வெள்ளம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரிக் கீழே போயின. அவள் கூப்பிட்டுக்கொண்டே நின்றாள். கத்தவில்லை. வீட்டு முற்றத்தில் தீனிக்குக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள். கீழிருந்து பனிக்கட்டி முறிகிற சத்தம் வந்தது, நீண்ட சத்தம். அதன் பிறகு தண்ணீர்ச் சத்தம்.

நான் என் முழங்காலை இழுத்துக்கொண்டு தடத்தின் மேலேயே கிழக்கே போனேன். யாராவது அதை நிறுத்த வேண்டும், அதுதான் மனதில் இருந்தது. மேலேயிருந்து இன்னும் விழுந்துகொண்டிருந்தது. குடிசை வாசலில் ரிஸ்டின் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, ஆலைகள் உதறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பினாள்.

"அம்மா, நீ எங்கேயிருந்து வர்றே?"

என் பின்னால் இருந்த தடத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே ஓடினாள். அவள் போனில் நிறுத்து என்று சொல்வது கேட்டது. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் சுற்றுவட்டாரத்தில் மான் வைத்திருக்கிற எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கயிறு, கொக்கி, பலகை. ஏரி ஓரத்திலிருந்து இழுத்துக் கரையேற்றினார்கள். பேச்செல்லாம் டீசல் விலை, யாரோ வீட்டுக் கூரை, யாக்கேயின் நாய் என்று இருந்தது. ஒருத்தன் மறந்துபோய் இன்னொன்று என்று சொல்ல வாயெடுத்து, வண்டியை இந்தப் பக்கம் திருப்பு என்று மாற்றிக்கொண்டான். இழுத்தவற்றை ஒரே குவியலாகப் போடவில்லை. சிலதை மரத்தடியில், சிலதைப் பாறைக்குப் பின்னால், சிலதை வளைவுக்கு அப்பால். குவியலைப் பார்த்தால் கண் தானாகக் கணக்குப் போட்டுவிடும் அல்லவா. நெய்லா கரையில் தன் ஒற்றை மானோடு நின்றாள். ஒவ்வொன்று ஏறும்போதும் காதைத் தடவி, ஊலாவ் அடையாளத்துக்கு வெட்டிய குறியை விரலால் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

ரிஸ்டினும் வந்தாள். கயிறு இழுத்தாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நீலஸ் அவளுக்குத் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தான். அவள் மாட்டிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், "மாமா, எப்பவும்போலத்தான்னு..." என்று ஆரம்பித்தாள்.

"இழு," என்றான் அவன்.

சில வாரம் கழித்துச் சமூகக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கம்பெனியிலிருந்து பெர்-எரிக் என்று ஒருவர் வந்தார். மோசமான ஆள் இல்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததற்கு வருத்தம் சொன்னார். இனி மந்தை கடக்கும்போது எவ்வளவு நேரம் ஆலைகள் நிற்க வேண்டும், கடைசி மான் போய்விட்டது என்பதை எப்படி உறுதிசெய்வது என்று புதிதாக விதி எழுத வேண்டும் என்றார். "அதுக்கு எனக்கு ஒண்ணு தெரியணும். அன்னிக்கு முகட்டுல எத்தனை மான் இருந்துச்சு?"

சிலர் ஜன்னலைப் பார்த்தார்கள். யாக்கே பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். பெர்-எரிக் தன் கேள்வி யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகக் கேட்டார்.

"அதெல்லாம் இங்க பேசறதில்ல," என்றான் நீலஸ்.

"அப்ப அடுத்த வருஷம்?"

அப்போது ரிஸ்டின் எழுந்தாள். உட்காரு என்று அவள் கையைப் பிடித்தேன், விடுவித்துக்கொண்டாள். கம்பெனிக்காரர் பக்கம் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்த நெய்லாவுக்கு நேரே போய் நின்றாள். எங்கள் மொழியில் கேட்டாள்.

"நெய்லா அத்தை, உங்ககிட்ட எத்தனை இருந்துச்சு?"

பின்னாலிருந்து ஒரு கிழவர், "வெக்கங்கெட்ட பொண்ணே, உக்காரு" என்றார். இன்னொருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே போனார். ரிஸ்டினின் காது இரண்டும் சிவந்துவிட்டன. ஆனாலும் நகரவில்லை.

"அன்னிக்கு நான் யாக்கே மாமாகிட்ட கேட்டிருக்கணும். கேக்கல. இனிமே எல்லார்கிட்டயும் கேப்பேன். நீங்க முதல்ல சொன்னா, மத்தவங்க சொல்லுவாங்க. சொல்லலேன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்."

நெய்லா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறகு சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் கூடம் முழுவதும் கேட்டது. ஆண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஏதோ காணக்கூடாததைக் கண்ட மாதிரி. பெர்-எரிக் பேனாவை எடுத்தார். அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"மந்தையை எண்ணுறவ நான்தான், ஊலாவ்கிட்டகூட வாய்விட்டுச் சொன்னதில்ல," என்றாள் நெய்லா. "சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. அவர் நினைச்சதைவிட ஜாஸ்தி."

எழுந்து சால்வையைக் கட்டிக்கொண்டாள். நீலஸ் அருகே நின்று, "என் ஒத்த மானை உன்கிட்ட விட்டுட்டு அக்கா வீட்டுக்குப் போறேன், நகரத்துல அதை எங்க கட்ட" என்றாள். அவன் தலையாட்டினான். அவள் வாசலுக்கு நடந்தபோது நாங்கள் எல்லோரும் வழி விட்டு, முகத்தைப் பார்க்காமல் நின்றோம். வெளியே அவளுடைய பழைய வண்டி குளிரில் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்தது. ரிஸ்டின்தான் போய்ப் பின்னாலிருந்து தள்ளினாள்.